கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போவதற்காக நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் லியாவ். டுசல்டோர்ஃபில் சீன உணவகம் வைத்திருப்பவர், எனக்கும் சூசைப்பிள்ளை மாஸ்டருக்கும் முதலாளி. அவர் ஒருநாளும் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பவரல்ல. "லாவ்ஷி கபுட்" என்று இரண்டே சொல் சொன்னார். லாவ்ஷி என்றால் சீனத்தில் ஆசிரியர், மாஸ்டரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கபுட் என்பது பழுதாகிப்போன குளிர்பெட்டிக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல். ஒரு மனிதரைப் பற்றி இப்படியும் பேசுவார்களா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவருக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச ஜெர்மனில் சாவுக்கு வேறு சொல் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. மறுமுனையில் அவர் அழுதுகொண்டிருந்தார்.

மாஸ்டர் அவர்கள் தங்கியிருந்த ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், விடியற்காலை எழும்பிய அறை நண்பர்கள் அவரை எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அமரர் சூசைப்பிள்ளை மாஸ்டர் அவர்கள் மன்னாரைச் சேர்ந்தவர். அங்கே ஒரு பாடசாலையில் நீண்டகாலம் ஆங்கிலம் படிப்பித்தவர். ஆண்டுதோறும் சாதாரணதரப் பரீட்சையின் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போய் வந்தவர். ஊரில் என்றால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அச்சடித்திருப்பார்கள். அதிபர் எழுதியிருப்பார், பங்குத்தந்தை எழுதியிருப்பார், பழைய மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு எழுதியிருப்பார்கள். இங்கே எழுதுவதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், ஆங்கிலத் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்து, இங்கே வந்து லியாவின் சமையலறையில் கோவாவும் வெங்காயமும் வெட்டுகிறவள். அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் என் எழுத்தின் குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அவரை முதன்முதல் கண்டது அந்தச் சமையலறையில்தான். பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றார். வேலைக்கு வந்த முதல் கிழமையே ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்த உணவுப் பட்டியலை எடுத்து, பென்சிலால் பிழை திருத்தி, அடியில் கையெழுத்தும் போட்டு, விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் லியாவிடம் நீட்டினார். நல்ல அட்டையைப் பழுதாக்கிவிட்டாயே என்று லியாவ் குதித்தார். குதித்து முடிந்த பிறகு அந்த அட்டையைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

காரணம் இருந்தது. லியாவின் அண்ணன் சீனாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இலக்கணப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் கொடுக்க அவருக்குப் புதுப்புதுத் தாள்கள் தேவைப்பட்டன. இருந்த பயிற்சிப் புத்தகங்களையெல்லாம் அந்தப் பிள்ளைகள் கரைத்துக் குடித்துவிட்டார்களாம். அடுத்த கிழமையிலிருந்து மாஸ்டருக்கு இரண்டு வேலை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கதவைப் பூட்டினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பது. அந்த இரண்டு மணித்தியாலமும் ஏழாம் இலக்க மேசை மாஸ்டருடையது. அவர் கையால் எழுதுவார், நான் பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடிப்பேன், லியாவ் ஃபாக்ஸில் போடுவார். அண்ணன்காரர் அனுப்பிய நிபந்தனைகளும் ஃபாக்ஸில்தான் வந்தன. ஒரு பக்கத்துக்குள் ஒரு கதை. கதைக்கு ஐந்து கேள்வி, கேள்விக்கு நான்கு விடை, ஒன்றுதான் சரி. கதையில் போர் வரக்கூடாது, பொலிஸ் வரக்கூடாது, சாவு வரக்கூடாது, ஒருவரும் அழக்கூடாது. மாஸ்டர் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"இவ்வளவையும் எடுத்துப்போட்டால் என்னட்டை மிச்சம் என்ன இருக்குது, தங்கச்சி?" என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததை நான் எண்ணிச் சொல்லலாம், அதில் இது ஒன்று.

மிச்சம் இருந்ததை வைத்துத்தான் அவர் எழுதினார். இலக்கணப் பயிற்சியில் கடந்தகாலம் வந்தால் எடுத்துக்காட்டெல்லாம் மன்னாரிலிருந்து வரும். கழுதைகள் தெருவில் படுத்திருந்தன. என் மனைவி சைக்கிளில் பாடசாலைக்குப் போனாள். கடற்கரையில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நகரத்துத் தெருவில் கழுதைகளுக்கு என்ன வேலை என்று சீனாவிலிருந்து சந்தேகம் கேட்டு வந்தது. அவை அங்கேதான் வசிக்கின்றன என்று ஒரே வசனத்தில் பதில் அனுப்பினார். அவருடைய பதில்கள் எல்லாமே அப்படித்தான்.

வேலை செய்யும் முறையும் தனி. முதலில் கேள்விகளை எழுதுவார், பிறகுதான் கதை. கேள்விக்குத் தேவையில்லாத ஒரு வசனம் கதையில் நிற்கக் கூடாது என்பார். பிழையான மூன்று விடைகளுக்குச் சரியான விடையைவிடக் கூடுதல் நேரம் எடுப்பார். ஒருநாள் நான் அலுத்துப்போய், பிழைதானே மாஸ்டர், எதையாவது போடுங்கோவன் என்றேன். "பிழையான விடையும் மரியாதையான விடையா இருக்கோணும். அதைத் தெரிஞ்செடுத்த பிள்ளை வெட்கப்படக் கூடாது" என்றார்.

இப்படிப் பிறந்தவர்தான் சென் மாமா. தூரத்து நகரமொன்றில், ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், ஓர் உணவகத்தில் வேலை செய்யும் சீன மனிதர். மனைவியும் மகளும் வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிறார். ஒரு தாளில் அவர் மேசை விளக்கு வாங்குவார். அடுத்த தாளில் உடைந்த கதிரைக்குக் கால் போடுவார். அதற்கடுத்த தாளில் மகளுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்க எந்த ட்ராமில் ஏறினார் என்று கேள்வி வரும். அவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்பது மட்டும் ஒரு தாளிலும் வராது. அதற்கு நிபந்தனை இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் சென் மாமாவை விரும்பி வாசிக்கிறார்கள், இன்னும் அனுப்புங்கள் என்று அண்ணன்காரர் எழுதினார்.

மாஸ்டரின் மனைவி றோசலின் அக்காவும் மகளும் இடம்பெயர்ந்து, மன்னார்ப் பக்கத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை வவுனியாவுக்கு வந்து, தொலைபேசிக் கடையொன்றிலிருந்து உணவகத்துக்கு எடுப்பார்கள். மாஸ்டர் மகளிடம் மறக்காமல் கேட்பது ஒன்றுதான்: கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது? நூலால் அளந்து சொல்வாளாம். பிறகு பழைய சாமான் சந்தைக்குப் போய் அந்த அளவில் சப்பாத்து வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே வைப்பார். அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அவருடைய மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. எனக்கும் அது நடந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

விசாரணைக்கு டெர்மின், அதாவது குறித்த நாள், வந்தபோது நான் அவருக்குப் பாடம் நடத்தாத குறை. நான் வாய்காரி. என்னுடைய விசாரணையில் நான் கதைத்த கதைக்கு, அதிகாரி இரண்டு தரம் கோப்பி குடித்துவிட்டு வந்தார், மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை அடைத்துப்போனது. என் வாய்தான் எனக்கு இந்த நாட்டில் இருக்க இடம் வாங்கித் தந்தது. அதனால் சொன்னேன்: கேட்டதுக்கும் கேளாததுக்கும் எல்லாம் சொல்லுங்கோ மாஸ்டர், நாள், நேரம், ஆமிக்காரன்ரை முகம், அறையின்ரை நிறம், ஒண்டும் விடாதேங்கோ. அவர் என்னை ஒரு மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கேள்வியை வாசிக்கோணும். கேட்டதுக்கு மறுமொழி சொல்லோணும். மேலதிகமா எழுதினவைக்கு நானே எத்தினை தரம் புள்ளி வெட்டியிருக்கிறன்" என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் பகிடி விடவில்லை.

விசாரணை அறிக்கையை நான் பின்னர்தான் கண்டேன். என்னுடையது பதினெட்டுப் பக்கம். அவருடையது இரண்டு. கைது செய்யப்பட்டீர்களா? ஆம். எத்தனை முறை? இரண்டு. துன்புறுத்தப்பட்டீர்களா? ஆம். கடைசியில் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இருந்தது: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? இல்லை. அதற்குக் கீழே உணவுப் பட்டியலில் நான் கண்ட அதே அழகான கையெழுத்து.

விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதத்தை ஏழாம் மேசையில் வைத்து நான்தான் அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன். சொன்னவை மேலோட்டமானவை, விபரமற்றவை, நேரில் பட்டவர் ஒருவர் இப்படிச் சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தது. மாஸ்டரால் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. மேல் தட்டில் அடுக்க வேண்டிய கோப்பைகளை முதல் நாளிலிருந்து நான்தான் அடுக்கினேன். தோளுக்கு என்ன நடந்தது என்று ஒருநாள் நேராகக் கேட்டேன். நேராகச் சொன்னார். கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார், எந்தக் கட்டடம், எத்தனை பேர், கயிற்றை எங்கே கட்டினார்கள் என்பது வரைக்கும். அன்று பின்னேரம் முழுக்க என்னால் கத்தி பிடித்து வெட்ட முடியவில்லை. அந்த அதிகாரி தோளைப் பற்றிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மேன்முறையீடு செய்தோம். சட்டத்தரணி, உங்கள் கதையை உங்கள் சொல்லிலேயே ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள், எவ்வளவு நீளமானாலும் சரி என்றார். மாஸ்டர் நான்கு நாள் எழுதினார். நான்கு நாளும் வெட்டி வெட்டி, கடைசியில் என்னிடம் தந்தது ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்குள் அடங்கிய ஒரு கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளை மேசையில் அடித்தேன். பிள்ளை மூன்று வருசமாக் காலை நூலாலை அளந்துகொண்டிருக்குது, கட்டிவைச்சு அடிச்சதை எழுதினால் கை தேய்ஞ்சுபோகுமோ என்று கத்தினேன். லியாவ் சமையலறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். "அவை கேக்கேல்லைத் தங்கச்சி" என்றார். தாளை எடுத்து நேராக வைத்துவிட்டு, "கேட்டால் சொல்லலாம். கேளாத ஆக்களுக்கு முன்னாலை சேட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுறீரோ?" என்றார்.

அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். என் ஆயுளில் நான் கதைத்த அத்தனை கதையிலும், அன்று கதைக்காமல் விட்டதுதான் என்னை அரிக்கிறது. அந்த ஒரு பக்கத்தையே அடித்துக் கொடுத்தேன். மேன்முறையீடும் தள்ளுபடியானது. நாடு கடத்தவில்லை, இருக்கவும் விடவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் முத்திரை குத்தி, தங்கும் நாளை நீட்டிக்கொடுத்தார்கள். மனைவி பிள்ளையைக் கூப்பிடும் பேச்சுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மாஸ்டர் மறுநாள் மூன்று மணிக்கு ஏழாம் மேசையில் உட்கார்ந்து, சென் மாமா வீட்டுக்கு யன்னல் சீலை தைப்பதை எழுதினார். ஐந்து கேள்வி, இருபது விடை.

சாவதற்கு முந்தின கிழமை கோப்பைத் தட்டைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். வற்புறுத்தி டெர்மின் எடுத்து வெள்ளிக்கிழமை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வாசலில் வைத்தே சொல்லிவிட்டார், கேள்வி எனக்கு, நீர் பேசாமல் இரும் என்று. வைத்தியர் நல்ல மனிதர், ஆங்கிலத்திலேயே கேட்டார். இப்போது நெஞ்சு வலிக்கிறதா? அந்த நேரம் வலி இருக்கவில்லை. இல்லை என்றார் மாஸ்டர். மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறதா? இல்லை. வைத்தியர் குளிசை எழுதிக் கொடுத்து, வலி வந்தால் உடனே வாருங்கள் என்றார். சுவரில் சாய்ந்ததைச் சொல்ல நான் வாயெடுத்தேன். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை லியாவின் தொலைபேசி வந்தது.

மன்னாருக்குப் பங்குத்தந்தை மூலம் செய்தி அனுப்பினோம். முதல் சனிக்கிழமை வழமைபோல் உணவகத் தொலைபேசி அடித்தது. றோசலின் அக்கா அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசினவரோ என்று கேட்டார். அவர் வர முன்னமே எல்லாம் முடிஞ்சுபோச்சு அக்கா என்றேன். தனிய இருந்தவரோ என்று கேட்டார். அறையில் ஆக்கள் இருந்தவை என்றேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

"இனி நாங்கள் அங்கை வாறதுக்கு வழி இல்லைத்தானே?"

"ஓம் அக்கா. இல்லை."

அடக்கத்துக்கு வந்தவர்கள் லியாவ், சமையலறை ஆட்கள் மூன்று பேர், ஹைமிலிருந்து இரண்டு பேர், நான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெர்மன் பாதிரியார் செபத்தை முடித்துவிட்டு எங்களைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே வாயுள்ளவள் நான்தான். எனக்குள் அவ்வளவும் கிடந்தது, ஒன்றும் மேலே வரவில்லை. இல்லை என்றேன். அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது யாருடைய விடை என்று உறைத்தது. பாதிரியார் தலையசைத்துவிட்டு மண்ணை எடுத்துத் தந்தார்.

ஹைமிலிருந்து ஒரு பெட்டி தந்தார்கள். செபமாலை, இரண்டு சேட், பேனா. அடியில் மூன்று சோடிச் சப்பாத்து, ஒன்றைவிட ஒன்று பெரிது. மூன்றிலும் அடி தேயாமல் இருந்தது.

அடுத்த கிழமை ஃபாக்ஸ் வந்தது. லியாவ் தன் அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்ல மனம் வரவில்லை என்றார். அண்ணன்காரர் எழுதியிருந்தார்: பரீட்சை நெருங்கிவிட்டது, இது கடைசித் தாள், வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒன்று கேட்கிறார்கள். சென் மாமாவின் மனைவியும் மகளும் வந்துவிட்டார்களா?

வாசித்துச் சொன்னதும் லியாவ் தலையைச் சொறிந்தார். வந்துவிட்டார்கள் என்று எழுது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்றார். அதுதான் சுகமான வழி. நிபந்தனைக்கும் பொருத்தமாக இருந்திருக்கும். மூன்று மணிக்கு ஏழாம் மேசையில் உட்கார்ந்து தாளைப் போட்டேன். வந்துவிட்டார்கள் என்று எழுதக் கை போகவில்லை. இல்லை என்று ஒரு சொல்லில் நிறுத்தவும் முடியவில்லை. ஒரு சொல்லில் நிறுத்தி நிறுத்தித்தான் இந்த மனிதரைப் புதைத்தோம்.

அடித்தேன். சென் என்று ஒருவர் இல்லை, உங்களுக்குத் தாள் எழுதிய ஆசிரியரின் பெயர் சூசைப்பிள்ளை என்று தொடங்கினேன். கழுதைகள் படுத்திருந்த தெரு எது என்று எழுதினேன். கட்டடத்தை, கயிற்றை, தோளை எழுதினேன். இரண்டு பக்க அறிக்கையை, வைத்தியரின் இரண்டு கேள்விகளை, நான் பேசாமல் இருந்த கதிரையை எழுதினேன். என் ஆங்கிலம் மாஸ்டரின் ஆங்கிலமல்ல, வரிக்கு ஒரு பிழை இருந்திருக்கும். ஐந்து மணிக்குக் கதவைத் திறக்க வேண்டிய லியாவ் திறக்காமல் நின்றார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒன்பது தாளைக் கண்டதும், அது வந்துவிட்டார்கள் என்ற பதில் இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாக, தானே ஃபாக்ஸில் போட்டார்.

சீனாவிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. அங்கே இயந்திரத்தில் தாள் முடிந்துபோயிருக்கலாம். அண்ணன்காரர் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் பூட்டியிருக்கலாம், போரும் பொலிசும் சாவும் அழுகையும் அதில் ஒன்றுவிடாமல் இருந்தன. மன்னாரில் ஒரு பிள்ளைக்கு இந்த மாதமும் கால் வளர்ந்திருக்கும். அந்த ஒன்பது பக்கம் போய்ச் சேர வேண்டிய அகதி அலுவலகத்துக்கு ஒருநாளும் போகவில்லை, இனிப் போயும் பிரயோசனமில்லை.

ஏழாம் மேசையில் இப்போது மூன்று மணிக்கு ஒருவரும் இருப்பதில்லை. மேல் தட்டில் கோப்பைகளை நான்தான் அடுக்குகிறேன். இதை மட்டும் அந்த மேசையில் இருந்து எழுதி முடிக்கிறேன்.

போயிட்டு வாங்கோ மாஸ்டர். ஒருவரும் கேளாமலே இவ்வளவும் எழுதிப்போட்டன். புள்ளியை வெட்டுங்கோ.